இன்னும் வந்து சேராத அட்டை

ரகாவாவில் மார்ச் மாதம் பனி உருகுவதில்லை, அழுகுகிறது. ஐந்து மாதமாகக் கடற்கரையில் கிடந்த பனிக்குள் என்னென்ன புதைந்திருந்ததோ அத்தனையும் ஒவ்வொன்றாக வெளியே வரும். மீன் செதில், அடுப்புக்கரி, செத்த கடற்காக்கை, நாய்ப் பீ. எல்லாம் சேறாகக் குழைந்து ஜனங்களின் பூட்ஸில் ஏறி வீட்டுக்குள் வந்துவிடும். மீன் ஆலையின் புகையும் அந்த மாதத்தில் மேலே போகாது, ஊரின் மேலேயே சோம்பலாகப் படுத்துக்கொள்ளும்.

வெல்டா அந்த ஊர்த் தபால் நிலையத்தில் இருந்த ஒரே எழுத்தர். தபால் பை பிரிப்பது, முத்திரை குத்துவது, தந்தி வாங்குவது, பென்ஷன் கொடுப்பது எல்லாம் அவள்தான். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க அவுஸ்ட்ரா என்று ஒரு கிழட்டுக் குதிரை மாதிரியான பெண்பிள்ளை இருந்தாள். வாய் மட்டும் குட்டிக் குதிரை.

வெல்டாவின் புருஷன் ஒயார்ஸ் மீன் ஆலையில் புகையடுப்புக்காரன். கம்பிகளில் கோத்த சின்னச் சின்ன மீன்களை அடுப்புக்குள் தொங்கவிட்டு, ஆல்டர் மரக் கட்டையை எரித்து, தோல் பொன்னிறமாகும் வரை புகை காட்டுவது அவன் வேலை. இருபது வருஷத்தில் அவனே பாதி பொன்னிறமாகிவிட்டான். படுக்கையில் அவன் திரும்பிப் படுத்தால் தகர டப்பாவைத் திறந்த வாசனை வரும். அதையெல்லாம் வெல்டா ஒரு குறையாக நினைத்தவளே இல்லை. உழைக்கிற உடம்பு நாறத்தான் செய்யும். அவளுக்குக் குமட்டியது வேறு விஷயம்.

ஒயார்ஸ் தபாலில் சதுரங்கம் ஆடுகிறவன். அந்தக் கரையோரத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. படகுக்காரன், பள்ளிக்கூட வாத்தியார், பல் டாக்டர் என்று நாலு பேரில் ஒருவன் எங்கோ ஒரு ஊர்க்காரனோடு தபால் அட்டை போட்டு ஆடிக்கொண்டிருப்பான். ஒயார்ஸ் மட்டும் இந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்தால் மாஸ்டர் பட்டம் என்ற இடத்துக்கு வந்திருந்தான். எதிராளி லுகின் என்று ஒருவன், காமா நதியின் மேல்கோடியில் மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளி. அட்டை போய்ச் சேர ஒன்பது நாள், திரும்பி வர ஒன்பது நாள்.

போன ஏப்ரலில் ஆட்டம் தொடங்கியது. ஒயார்ஸ் நடுச் சிப்பாய்களைத் தொடாமல், மந்திரிக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். அட்டையில் 3234 என்று நாலு எண். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று எண்ணாலேயே எழுதிவிடுவார்கள், பாஷை தெரிய வேண்டியதில்லை. லுகினிடமிருந்து 3735 என்று வந்தது. அதே சிப்பாய், அதே இரண்டு கட்டம். ஒயார்ஸ் குதிரைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினான், லுகினும் நகர்த்தினான். ஒயார்ஸ் அந்தச் சந்தில் மந்திரியைப் பக்கவாட்டில் உட்கார வைத்தான், லுகினும் வைத்தான். இப்படி எட்டு நகர்த்தல், கண்ணாடி முன்னால் நின்று தலை வாருவது போல.

"குரங்கு! நான் மூக்கச் சொறிஞ்சா அவனும் சொறியிறான்" என்று ஒயார்ஸ் அன்றைக்கெல்லாம் கத்தினான். "சொந்தமா ஒரு யோசனை கிடையாது அந்தக் காட்டான்கிட்ட."

ஒன்பதாவது நகர்த்தலில் லுகின் தன் வழியில் திரும்பினான். அதிலிருந்து ஒயார்ஸுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது.

இந்த ஆட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. பத்து நகர்த்தலுக்கு முப்பது நாள். எதிராளியின் அட்டையில் நம் ஊர் முத்திரை விழும் நாளில் நம் கடிகாரம் ஓடத் தொடங்கும். நம் பதில் அட்டையில் முத்திரை விழுந்தால் நிற்கும். எதிராளியின் அட்டை வந்த தேதியையும் பதிலில் குறிக்க வேண்டும். வழியில் போகும் நாட்கள் யாருக்கும் சேராது. ஆக, எல்லாம் முத்திரையில் இருக்கிறது. முத்திரை வெல்டாவின் கையில் இருந்தது.

முதல் தடவை அவனுக்குக் காய்ச்சல். "ரெண்டு நாள் கழிச்சு முத்திரை குத்தேன், தலையே நிக்கல" என்றான். அவளும் பாவப்பட்டு, அட்டையை முத்திரை குத்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காய்ச்சல் போன பிறகும் பழக்கம் போகவில்லை. லுகினின் அட்டை வந்தால் அது வெல்டாவின் கைப்பையில் வீட்டுக்கு வரும். சாப்பாட்டு மேசையில் வெண்ணெய்த் தட்டின் கீழே செருகி வைக்கப்படும். ஆறு நாள், ஏழு நாள், ஒரு முறை பதினோரு நாள் அங்கே கிடந்தது. ஒயார்ஸ் அதைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு தின்பான், அதன் மூலையால் பல் குத்துவான், நகத்துக்குள் இருந்த மீன் கறையைச் சுரண்டுவான். ஆனால் உலகத்தைப் பொறுத்தவரை அந்த அட்டை இன்னும் எங்கோ ரயிலில் வந்துகொண்டிருந்தது. பதில் கிடைத்த நாளில் வெல்டா அதை எடுத்துப் போய், வந்த அட்டைக்கும் போகிற அட்டைக்கும் ஒரே தேதியில் முத்திரை குத்துவாள்.

"அட்டை வந்த அன்னைக்கே பதில்!" என்று சதுரங்க மன்றத்தில் ஒயார்ஸுக்கு மரியாதை கூடியது. அவனும் கூச்சநாச்சம் இல்லாமல் அந்த மரியாதையை வாங்கிப் போட்டுக்கொண்டான். வெல்டா தனக்கென்று ஒரு சமாதானம் வைத்திருந்தாள். ஒரு நாளும் பொய்த் தேதி குத்தியதில்லை, குத்தின அன்றைக்கு என்ன தேதியோ அதுதான் விழுந்தது. இந்தச் சமாதானத்தை நினைக்கும்போதே அவளுக்கு வாயில் புளித்த நீர் ஊறும். இருந்தாலும் நினைத்துக்கொள்வாள்.

அந்தத் திங்கட்கிழமை லுகினின் பதினாலாவது அட்டை வந்தது. வழக்கம்போல வெண்ணெய்த் தட்டின் கீழே போனது. ஒயார்ஸுக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். "வியாழக்கிழமை லீவுல பாத்துக்கலாம், எங்க ஓடிறப் போவுது" என்று அவன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. உப்பு மீனும் தயிர்க்கட்டியும் பிசைந்து தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

புதன்கிழமை மத்தியானம் மாவட்டத் தந்தி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வெல்டா காதில் குழலை வைத்துக்கொண்டு படிவத்தில் எழுதினாள். 'பதினாலாம் நகர்த்தல் 4846 கைத்தவறு. எழுத நினைத்தது 4847. மன்னிக்கவும். லுகின்.'

தந்தியை வைத்திருக்க முடியாது. நிமிஷம் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். அவுஸ்ட்ரா வெளியே போயிருந்ததால் வெல்டாவே கதவைப் பூட்டிவிட்டு, சேற்றில் தத்தித் தத்தி ஆலைக்குப் போனாள். ஒயார்ஸ் சீக்கிரமே வந்து அடுப்பு வாயில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். சுவரில் கீல் வழிந்து தாடி மாதிரித் தொங்கியது. தலைக்கு மேல் கம்பி கம்பியாக மீன்கள் வாயைப் பிளந்து நின்றன.

"கையெழுத்துப் போடு. தந்தி."

"யாரு செத்தா?" என்று கேட்டுக்கொண்டே அவன் பிசுபிசுத்த விரலால் பென்சிலை வாங்கிப் போட்டான். பன்னிரண்டு நாற்பது. அப்புறம்தான் படித்தான். படித்துவிட்டு அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, மேல்சட்டைகூட இல்லாமல் வீட்டைப் பார்த்து ஓடினான்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தபால் நிலையத்துக்கு வந்தான். மூச்சு வாங்கியது. கையில் அட்டை. முகத்தில் ஒரு சிரிப்பு, மீன் தொட்டியை எட்டிப் பார்க்கும் பூனைக்கு வருமே, அது.

"வெல்டா, ராணி! ராணியக் கொண்டாந்து என் மந்திரி வாயில வச்சிருக்கான்டி! 4846! ஆறாம். ஏழுக்குப் பதிலா ஆறு! சும்மா எடுத்து வாயில போட்டுக்க வேண்டியதுதான். ஆட்டம் முடிஞ்சுது. நான் மாஸ்டர்."

"அது கைத்தவறுன்னு தந்தி அடிச்சிருக்கானே."

"அடிச்சா? எழுதி அனுப்பினது அனுப்பினதுதான். விதி இருக்கு." அவன் சட்டைப் பையிலிருந்து மன்றத்தின் விதிப் புத்தகத்தை எடுத்தான். அதிலும் மீன் எண்ணெய். "இந்தா படி. அட்டை வந்த நாளுக்குள்ள தந்தி வந்துட்டா, திருத்தம் செல்லும். அட்டை வந்து மறுநாளோ அதுக்கப்பறமோ வந்தா செல்லாது. அட்டை திங்கக்கிழமை வந்துச்சு. தந்தி புதன்கிழமை. செல்லாது!"

வெல்டா அட்டையை வாங்கித் திருப்பினாள். லுகினின் சின்னச் சின்ன எழுத்து. ஓரத்தில் வெண்ணெய்க் கறை. ரகாவா முத்திரை விழ வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"இதுல முத்திரையே இல்லையே ஒயார்ஸ்."

"அதான் வந்தேன். குத்து."

"குத்துறேன். இன்னைக்குத் தேதி."

"யேய், இன்னைக்குத் தேதி போட்டா தந்தியும் அட்டையும் ஒரே நாள் ஆயிடும்டி. திருத்தம் செல்லும்!" குரலைத் தாழ்த்தினான். "திங்கக்கிழமை தேதி போடு. அந்தத் தேதிச் சக்கரத்த ரெண்டு பல்லு பின்னால திருப்பு. ஒரு நிமிஷ வேலை."

வெல்டாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முத்திரைக் கட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

முத்திரைக் கட்டையில் தேதிச் சக்கரத்தைக் காலையில் ஒரு தடவை ஊசியால் திருப்புவார்கள். திருப்பியதும் நோட்டில் ஒன்று குத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருஷமாக அந்த நோட்டில் ஒரு நாள்கூடப் பிசகியதில்லை.

"சக்கரத்தத் திருப்பினா அதுக்குப் பேரு கள்ள முத்திரை. ஜெயிலு."

"கள்ளமா? எது கள்ளம்? நெஞ்சத் தொட்டுச் சொல்லு, அட்டை என்னைக்கு வந்துச்சு?"

"திங்கக்கிழமை."

"அப்ப திங்கக்கிழமைன்னு குத்து. உண்மையான தேதியத்தானே கேக்குறேன்? ஒரு பொய்யாவது சொல்லச் சொன்னேனா?"

அவன் அதை நிஜமாகவே நம்பிச் சொன்னான். கண்ணில் நீர்கூடக் கட்டியிருந்தது. அதைத்தான் வெல்டாவால் தாங்க முடியவில்லை. களவாணி களவாணியாக நின்றால் ஒரு மாதிரி. இவன் நியாயம் கேட்டு நின்றான்.

"பதினோரு மாசமா வந்த அட்டை எதுக்கும் உண்மையான தேதி உனக்கு ஞாபகம் வரலையே, யோவ். இன்னைக்கு என்ன திடீர்னு?"

"அது வேற. அது யாருக்கும் நஷ்டமில்ல. யோசிக்க நேரம் எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான். அவன் வேணும்னா அவன் ஊர்ல எடுத்துக்கட்டும், யாரு வேணாங்கறா?"

கதவைத் தள்ளிக்கொண்டு அவுஸ்ட்ரா உள்ளே வந்தாள். முழங்கால் வரை சேறு.

"என்ன புருஷனும் பொண்டாட்டியும் கவுண்டர்ல கொஞ்சிக்கிட்டிருக்கீங்க? வீட்ல இடமில்லையா?"

"ஒண்ணுமில்ல அவுஸ்ட்ராக்கா. முத்திரை குத்த வந்தாரு."

"எந்தப் பக்கம் குத்தணுமாம்?" என்று அவுஸ்ட்ரா பூட்ஸைக் கழற்றி உதறினாள். "இவன் அடுப்ப விட்டுட்டு ஓடியாந்துட்டான்னு ஆலையில தலைவரு குதிக்கிறாரு. நாலு கம்பி மீனு கரியாப் போச்சாம். பூனைகூடத் தொடாதாம்."

ஒயார்ஸ் அதைக் காதில் வாங்கவே இல்லை. கவுண்டருக்கு மேல் குனிந்தான். அவன் வாயிலிருந்து வந்த உப்பு மீன் வாடை வெல்டாவின் முகத்தில் அடித்தது. "வெல்டா. என் வாழ்நாள்ல ஒரே ஒரு விஷயம். புகையிலயே வெந்து சாகப் போறேன் நான். கல்லறையில ஒயார்ஸ், மாஸ்டர்னு ஒரு வார்த்தை இருக்கட்டுமேன்னு கேக்குறேன். உனக்கு ரெண்டு பல்லு சக்கரம்."

அந்த வார்த்தை வேறொரு நாளில் அவளை உருக்கியிருக்கும். அன்றைக்கு அவள் அவன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல் அட்டையின் மேல், லுகினின் பெயருக்கு மேல் அழுந்திக்கொண்டிருந்தது.

அவள் அட்டையை அந்த விரலுக்குக் கீழிருந்து உருவினாள். கந்தைத் துணியால் வெண்ணெயைத் துடைத்தாள். எண்ணெய் ஏறிய காகிதத்தில் மை பிடிக்காது என்று கொஞ்சம் தள்ளி, நன்றாக அழுத்திக் குத்தினாள். புதன்கிழமை.

"இந்தாங்க" என்று ஊராரிடம் பேசுவதுபோல நீட்டினாள். "தந்தி கிடைச்சுது, அட்டையும் கிடைச்சுது. ரெண்டும் இன்னைக்கு."

ஒயார்ஸ் மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததில் வீடு சுத்தமாக இருந்தது போலத் தோன்றியது அவளுக்கு. திருத்தப்பட்ட நகர்த்தலுக்கு வேண்டாவெறுப்பாகப் பதில் அட்டை எழுதினான், வேறு வழியில்லை. தந்தியில் அவன் கையெழுத்து இருக்கிறதே.

ஏப்ரல் பாதியில் லுகினிடமிருந்து அட்டையும் ஒரு சின்னப் பார்சலும் வந்தன. பார்சலில் நூலில் கோத்த உலர்ந்த காளான். அட்டையில் நகர்த்தல் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது, மீதி இடமெல்லாம் எழுத்து. வெல்டா பையைப் பிரித்த உடனேயே, அவுஸ்ட்ராவின் கண் முன்னால், அட்டையில் முத்திரை குத்தினாள். பிறகுதான் படித்தாள்.

'மதிப்புக்குரிய ஒயார்ஸ், என் திருத்தத்தை ஏற்றுக்கொண்டீர்கள். இன்னொருவராக இருந்தால் விதியைத் தேடி என் ராணியை எடுத்திருப்பார். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவன் இல்லை. உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் முதல் எட்டு நகர்த்தலும் உங்கள் மாதிரியே ஆடினேன். பிறகு உங்கள் வேகத்தையும் பார்த்து ஆட ஆசைப்பட்டேன். நீங்கள் அட்டை வந்த அன்றே பதில் போடுகிறீர்கள். நான் இரண்டு மூன்று நாள் வைத்திருப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் இந்தத் தடவை ஆலையிலிருந்து வந்த கையோடு, குளிரில் விரல் மடங்காத நிலையில் எழுதிப் போட்டுவிட்டேன். ஏழு ஆறாகிவிட்டது. அவசரம் என் போன்றவனுக்கு ஆகாது என்று மனைவி திட்டுகிறாள். காளான் அவள் பறித்தது.'

வெல்டா முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பின்பக்கம் போய் வாளி நீரில் முகத்தைக் கழுவினாள், கையைக் கழுவினாள், மறுபடியும் கையைக் கழுவினாள்.

"உடம்புக்கு என்னடி?" என்றாள் அவுஸ்ட்ரா. "இந்த வயசுல மசக்கையா?"

"இல்லக்கா. பழைய மீனு."

ஒயார்ஸுக்கு அந்த அட்டையைப் படித்ததும் மூன்று வாரக் கோபம் பறந்தது. இரண்டு தடவை சத்தமாகப் படித்தான்.

"பாத்தியா வெல்டா, என் வேகத்தப் பாத்து நடுங்கியிருக்கான்! மூளையால அடிச்சிருக்கேன் அவன!"

"உன் வேகமா?"

"பின்ன யாரோடது?"

அட்டை ஆலைக்குப் போனது, அங்கிருந்து மன்றத்துக்குப் போனது. சுவர்ப் பத்திரிகையில் 'புகையடுப்பில் ஒரு பொன் மனசு' என்று தலைப்புப் போட்டு ஒயார்ஸின் படம் ஒட்டினார்கள். ராணியை எடுக்க மறுத்த ரகாவாக்காரன். சனிக்கிழமை மன்றத்தில் கேக் வெட்டிப் பாராட்டுவது என்று முடிவானது. ஒயார்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் காளான் சூப்பை உறிஞ்சிக்கொண்டே மேடையில் பேச வேண்டியதை அவளிடம் ஒப்பித்துக் காட்டினான்.

"அப்ப நான் எனக்குள்ளயே கேட்டுக்கிட்டேன், ஒயார்ஸ், உனக்குப் பட்டம் பெருசா, மனுஷன் பெருசான்னு. நல்லாருக்கா?"

"எப்பக் கேட்டுக்கிட்ட?"

"அதான், அந்தப் புதன்கிழமை. யோசிச்சுப் பாத்தா நான்தானே விட்டுக்கொடுத்தேன்? உன்னக் கட்டாயப்படுத்தியிருந்தா நீ திருப்பியிருப்ப. நான் கட்டாயப்படுத்தல." தாடையில் வழிந்த சூப்பைப் புறங்கையால் துடைத்தான். "நீ ஏன் குடிக்கல? நல்ல காளான். அந்தக் காட்டான் பொண்டாட்டிக்குக் கை பக்குவம்."

வெல்டாவால் ஒரு வாய் இறக்க முடியவில்லை. அந்தப் பெண் காட்டில் குனிந்து குனிந்து பறித்த காளான் இந்த வாய்க்குள் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷத்தில் இவன் குடித்திருக்கிறான், கத்தியிருக்கிறான், ஒரு தடவை தட்டை எறிந்திருக்கிறான். எதற்கும் அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. அதைவிட மோசம், இவனை இப்படிச் செய்து வைத்தது தன் கை என்பது. அட்டை அட்டையாகக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தவள் அவள்தானே.

"ஒயார்ஸ், லுகினுக்கு எழுதிடு. நடந்தத எழுதிடு."

"என்ன நடந்துச்சு?" என்று அவன் உண்மையிலேயே புரியாமல் கேட்டான்.

சனிக்கிழமை தபால் நிலையம் அரை நாள். பத்து மணிக்கு மன்றத்திலிருந்து அக்கார்டியன் சத்தம் கேட்டது. வெல்டா ஒரு அட்டை எடுத்து எழுதினாள். அவளுக்குச் சதுரங்கம் தெரியாது. லுகினுக்குத் தெரிந்த ரஷ்ய பாஷையில், பிழையோ சரியோ, எழுதினாள்.

'என் புருஷன் ஒரு பதிலும் அன்றே போட்டதில்லை. உங்கள் அட்டைகள் எல்லாம் ஆறு நாள், ஏழு நாள் எங்கள் வீட்டில் கிடந்தன. முத்திரையைத் தள்ளிக் குத்தியது நான், ரகாவா தபால் எழுத்தர். நாட்களைக் கூட்டினால் அவர் எப்போதோ தோற்றுவிட்டார். நடுவரிடம் இந்த அட்டையைக் காட்டுங்கள். நீங்கள் மெதுவானவர் இல்லை.'

கீழே முழுப் பெயரும் கையெழுத்தும் போட்டாள். அட்டையில் உறை கிடையாது. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாவட்ட அதிகாரிகூட. படிக்கத்தான் செய்வார்கள். முத்திரையை எடுத்தாள், நோட்டில் காலையில் குத்தியிருந்த தேதியைச் சரிபார்த்தாள், குத்தினாள்.

அவுஸ்ட்ரா பையைக் கட்டும்போது மேலாக இருந்த அட்டையைப் படித்துவிட்டாள். பையின் வாயைக் கட்டாமல் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, இது போச்சுன்னா நீ இந்த நாற்காலியில உக்கார மாட்ட."

"தெரியும். கட்டுங்கக்கா."

தபால் பையை ஏற்றிப்போகும் பஸ் வந்து நின்றது. ஒயார்ஸ் மன்றத்திலிருந்து தெருவைக் கடந்து வந்தான். கோட்டில் காகிதப் பூ, மீசையில் கேக் க்ரீம். அவளை விழாவுக்குக் கூட்டிப்போக வந்திருந்தான்.

"எல்லாரும் உன்னத்தான் கேக்குறாங்க, வா வா. லுகினுக்கு எழுதணும்னியே, எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். பைல போட்டாச்சு."

"காளானுக்கு நன்றி சொன்னியா?"

"அத மறந்துட்டேன்" என்றாள் வெல்டா. "மத்தது எல்லாம் எழுதியாச்சு."

அவன் சிரித்தபடியே அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு அவுஸ்ட்ராவின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. அதற்குள் அவுஸ்ட்ரா பையைத் தூக்கி டிரைவரிடம் கொடுத்துவிட்டாள். ஒயார்ஸ் பூவும் க்ரீமுமாகச் சேற்றில் இறங்கி ஓடினான், பஸ்ஸின் பின்பக்கத்தைக் கையால் தட்டினான், யாரோ வழியனுப்ப வந்தவன் என்று நினைத்து ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் கையசைத்தாள்.